பேரனை வளர்த்த குற்றம்

1973-ன் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் கிளீவ்லாந்து நகராட்சியிலிருந்து இனெஸ் மூர் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் வீட்டில் ஜான் என்ற சிறுவன் சட்டவிரோதமாகக் குடியிருக்கிறான், விதிப்படி நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஜான் அவருடைய மகன் வயிற்றுப் பேரன். ஒரு வயது நிறைவதற்குள் தாயைப் பறிகொடுத்துவிட்டுப் பாட்டியிடம் வந்து சேர்ந்தவன்.

ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்பது நகராட்சியின் விதி. குடும்பம் என்றால் யார் யார் என்பதையும் அந்த விதியே சொல்லியிருந்தது. வீட்டுக்காரரோடு அவருடைய ஒரு பிள்ளையும், அந்தப் பிள்ளையின் மக்களும் இருக்கலாம். இனெஸ் மூருடன் அவருடைய மகன் டேல் இருந்தார், டேலின் மகனும் இருந்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஜானோ இன்னொரு மகனுக்குப் பிறந்தவன். இரண்டு பையன்களும் கூடப்பிறந்தவர்களாக இருந்திருந்தால் நோட்டீஸே வந்திருக்காது. அண்ணன் தம்பி மக்களாகப் போய்விட்டதால் ஒருவன் குடும்பத்துக்குள், மற்றவன் வெளியே. பாட்டி பேரனை அனுப்ப மறுத்தார். நகராட்சி கிரிமினல் வழக்குப் போட்டது. 5 நாள் சிறை, 25 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது.

மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977 மே 31-ல் 5 பேருக்கு 4 பேர் என்ற கணக்கில் இனெஸ் மூர் வென்றார். பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே குடும்பம் என்று அரசு வரையறுக்க முடியாது, தாத்தா பாட்டியும் பெரியப்பா சித்தப்பா மக்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதும் இந்நாட்டின் பழைய வழக்கம்தான் என்று நீதிபதி லூயிஸ் பவல் எழுதினார். நீதிபதி வில்லியம் பிரென்னன் தனியாக ஒரு கருத்துரை எழுத, அதில் தர்குட் மார்ஷலும் சேர்ந்துகொண்டார். கூட்டாக வாழ்வது ஏழைகளுக்கு, குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்களுக்கு, உயிர் பிழைக்கும் வழியாக இருந்து வந்திருக்கிறது என்று அதில் பிரென்னன் சொன்னார். ஈஸ்ட் கிளீவ்லாந்து அப்போது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த நகரம், அதன் தலைவர்களும் கறுப்பினத்தவர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆகவே இதை நிறவெறி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. நடுத்தர வர்க்கத்துப் புறநகர் வாழ்க்கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு அச்சு இருந்தது. அந்த அச்சுக்குள் பாட்டி அடங்கவில்லை.

இன்று அமெரிக்க அரசின் ஆவணங்களில் 'உறவினர் பராமரிப்பு' என்று ஒரு தனித் தலைப்பே இருக்கிறது. பெற்றோர் இல்லாமல் உறவினரிடமோ குடும்பத்துக்கு நெருங்கியவரிடமோ அந்த நாட்டில் சுமார் 25 லட்சம் பிள்ளைகள் வளர்கிறார்கள். எல்லா இனத்தவரும் இதில் உண்டு என்றாலும், இந்த ஏற்பாட்டுக்கு உருவம் கொடுத்தவர்கள் கறுப்பினப் பாட்டிகளும் சித்திகளும் அத்தைகளும்தான். அவர்கள் செய்ததை யாரோ ஒருவர் எப்போதும் பயன்படுத்திக்கொண்டார், கூலி மட்டும் கொடுக்கவில்லை. இந்த ஏற்பாடு பிறந்த கதையை அதன் முதல் வீட்டிலிருந்தே சொன்னால்தான் இது விளங்கும்.

எனக்குத் தெரிந்த முதல் வீடு மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் கவுன்டியில், டக்கஹோ ஓடைக்கு அருகில் இருந்த ஒரு மரக்குடில். பெட்ஸி பெய்லி என்ற அடிமைப் பெண்மணி அதில் வாழ்ந்தார். கணவர் ஐசக் மரம் அறுக்கும் தொழிலாளி, அவர் அடிமையல்ல. பெட்ஸிக்கு வலை பின்னத் தெரியும். ஷாட், ஹெர்ரிங் மீன் பிடிக்க அவர் பின்னிய வலைகளை அக்கம்பக்கத்தில் தேடி வந்து வாங்கினார்கள். சர்க்கரைவள்ளி நாற்றை அவர் கைபட்டு நட்டால் தவறாமல் பிடிக்கும் என்ற பேச்சும் ஊரில் இருந்தது. இப்படிப்பட்ட கைராசிக்காரரிடம்தான் அவருடைய மகள்களின் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள். 1818 வாக்கில் மகள் ஹாரியட்டுக்குப் பிறந்த ஒரு பையனும் அவர்களில் ஒருவன். ஹாரியட்டைச் சுமார் 12 மைல் தள்ளி வேறொருவரிடம் வேலைக்கு விட்டிருந்தார்கள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் நடந்தே வந்து பிள்ளையின் பக்கத்தில் படுத்து, விடிவதற்குள் திரும்பிப் போவார். அப்படி வர முடிந்ததும் விரல்விட்டு எண்ணும் முறைதான். அந்தப் பையன்தான் பின்னாளில் பிரடெரிக் டக்ளஸ் என்று உலகம் அறிந்த விடுதலைப் போராளி.

இந்தக் குடிலைப் பாசத்தின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பெட்ஸி பேரப்பிள்ளைகளை வளர்த்ததில் எஜமானுக்கு நேரடி லாபம் இருந்தது. கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் கிழவியிடம் விட்டால், தாயை முழுநேர உழைப்புக்கு அனுப்பலாம். பிள்ளை வளர்ந்ததும் அவனையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வளர்க்கும் செலவும் சிரமமும் கிழவியுடையது. டக்ளஸுக்கு ஆறு வயதானபோது, பாட்டியே அவனைக் கைப்பிடித்து 12 மைல் நடத்திக் கூட்டிப் போய் எஜமானின் தோட்டத்தில் விட வேண்டியிருந்தது. அங்கே அவனுக்கு அதுவரை பழக்கமே இல்லாத அவனுடைய அண்ணனையும் அக்காக்களையும் காட்டி, இவர்களோடு விளையாடு என்றார். அவன் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கிளம்பிவிட்டார். பையன் தரையில் விழுந்து புரண்டு அழுததைப் பெரியவனாகி எழுதியிருக்கிறான். ஒரு பாட்டியின் கையாலேயே பேரனைப் பறித்துக்கொள்ளும் முறை அது. அதற்குள்ளும் அந்தப் பிள்ளைக்கு முதல் ஆறு வருடம் பயமில்லாத ஒரு வீடு கிடைத்திருந்தது. அதைக் கொடுத்தது பெட்ஸி.

உறவினரே பிள்ளை வளர்க்கும் இந்த வழக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது எவ்வளவு, அடிமை வாழ்வின் நெருக்கடியில் உண்டானது எவ்வளவு என்று சமூகவியலாளர் பிரேசியரும் மானிடவியலாளர் ஹெர்ஸ்கோவிட்ஸும் தொடங்கி அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள். இரண்டும் கலந்ததுதான் என்றே எனக்குப் படுகிறது.

மேரிலாந்தில் 1864 நவம்பர் 1-ல் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்த கையோடு பழைய எஜமானர்கள் கறுப்பினப் பிள்ளைகளை அநாதை நீதிமன்றங்களுக்கு வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். வளர்க்க வசதியில்லாத பிள்ளைகள் என்று சொல்லி, தொழில் பழகும் ஒப்பந்தம் என்ற பெயரில் வயது வரும்வரை தங்களிடமே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படிச் சிக்கினார்கள். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டுப் பெற்றோர்கள் மட்டும் போராடவில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று உறவெல்லாம் விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அரசு புதிதாக அமைத்திருந்த 'ஃப்ரீட்மென்ஸ் பீரோ' அலுவலகங்களுக்கு மனு எழுதினார்கள், எழுதத் தெரியாதவர்கள் எழுதச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைக்குச் சோறு போடவும் துணி கொடுக்கவும் எங்களால் முடியும், எங்களிடம் கொடுங்கள் என்பதுதான் அந்த மனுக்களின் பொதுவான பேச்சு.

டக்ளஸ் பிறந்த அதே டால்பட் கவுன்டியில் எலிசபெத் டர்னர் என்ற சிறுமியையும், விடுதலை வந்த ஓரிரு நாளிலேயே அவளுடைய பழைய எஜமானிடம் இப்படி ஒப்பந்தம் செய்து கொடுத்திருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் ஒப்பந்தத்தில் எழுத்தறிவு கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இவளுடையதில் அது இல்லை. 1867-ல் அமெரிக்கத் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். உறவினர் பராமரிப்பின் வரலாற்றில் இந்த வழக்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏழைகள் என்பதற்காக ஒரு சமூகத்தின் கையிலிருந்து பிள்ளைகளை எடுக்க அரசுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி முதலில் எழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

சிதறிப்போன உறவைத் தேடுவதும் அதே காலத்தில் நடந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' பத்திரிகையில் தொலைந்த சொந்தங்களைத் தேடும் விளம்பரப் பகுதி ஒன்று பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. சந்தாதாரர் அல்லாதவர் 50 சென்ட் கட்ட வேண்டும். போதகர்கள் அதை ஞாயிறு ஆராதனையில் சத்தமாக வாசித்தார்கள். விற்கப்பட்ட அம்மாவை, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தம்பியை, பெரியம்மாவை எல்லாம் எஜமானர்களின் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டித் தேடினார்கள்.

பிறகு பெரும் புலப்பெயர்வு. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். பெற்றோர் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் வேலை தேடிக் காலூன்றும் வரை, பிள்ளைகள் தெற்கில் பாட்டியிடம். வடக்கே வாழ்க்கை உடைந்துபோனாலும் பிள்ளைகள் தெற்கே பாட்டியிடம்தான். பின்னாளில் எழுத்தாளர் மாயா ஏஞ்சலூ என்று பெயர்பெற்ற சிறுமிக்கு 3 வயது, அண்ணன் பெய்லிக்கு 4 வயது. பெற்றோர் பிரிந்ததும் கலிபோர்னியாவிலிருந்து ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூருக்கு இருவரையும் தனியாக ரயிலேற்றிவிட்டார்கள். மணிக்கட்டில் விலாசச் சீட்டு கட்டியிருந்தது. டிக்கெட்டுகளை அண்ணனின் கோட்டு உள்பையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட ரயில் ஊழியர் வழியிலேயே இறங்கிப் போய்விட்டார். ஆனாலும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அப்பாவைப் பெற்ற பாட்டி ஆனி ஹெண்டர்சன் ஒரு பலசரக்குக் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஆலைத் தொழிலாளர்களுக்கு மதிய உணவு விற்று, அந்தக் காசைச் சேர்த்து எழுப்பிய கடை அது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியிலும் அந்தக் கடையை மூடாமல் காப்பாற்றினார். இரண்டு பிள்ளைகளுக்கு அது வீடாகவும் இருந்தது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அரசின் கண்ணுக்கு இது தெரிந்ததா என்றால், தெரிந்தது. நோயாகத் தெரிந்தது. 1965 மார்ச்சில் தொழிலாளர் துறையின் உதவிச் செயலர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் கறுப்பினக் குடும்பம் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். வேலையின்மையைப் பற்றி அதில் அக்கறையான பக்கங்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நாட்டின் காதில் விழுந்தது, பெண்கள் தலைமை தாங்கும் கறுப்பினக் குடும்பம் சீர்கெட்டுக் கிடக்கிறது என்ற ஒரே செய்தி.

அதற்கு மறுமொழி சொன்னவர்களில் முதன்மையானவர்கள் கறுப்பின அறிஞர்களே. ஆண்ட்ரூ பில்லிங்ஸ்லி 1968-ல் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நேஷனல் அர்பன் லீக்கின் ஆய்வுத் தலைவர் ராபர்ட் ஹில் 1972-ல் கறுப்பினக் குடும்பங்களின் பலங்கள் என்ற பொருளிலேயே தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். நெருக்கமான உறவுப் பிணைப்பு, உழைப்பில் பிடிப்பு, யாருடைய பொறுப்பையும் யாரும் ஏற்கும் வளைந்துகொடுக்கும் தன்மை, முன்னேறும் வேட்கை, இறைப்பற்று என்று ஐந்தைச் சொன்னார். இதில் மூன்றாவதுதான் என்னைக் கவர்கிறது. அம்மா இல்லாத இடத்தில் மூத்த அக்கா அம்மாவாகிறாள், அப்பா இல்லாத இடத்தில் தாத்தா நிற்கிறார். எது காலியோ அதை நிரப்ப ஓர் ஆள் எப்போதும் இருக்கிறார். மொய்னிஹன் எதைச் சிதைவு என்று பார்த்தாரோ, அதையே ஹில் ஒரு திறமையாகப் பார்த்தார்.

1974-ல் கேரல் ஸ்டாக் என்ற வெள்ளையின மானிடவியலாளரின் 'ஆல் அவர் கின்' வந்தது. மத்திய மேற்கு நகரம் ஒன்றின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் பழகி, யார் வீட்டில் யாருடைய பிள்ளை தூங்குகிறது, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பதிவு செய்த நூல். உறவினர் பராமரிப்பு என்ற துறைப் பெயருக்கே இந்த நூல்தான் தூண்டுதல் என்பார்கள். அதில் ஒரு தம்பதிக்கு, தெற்கில் உறவினர் நிலம் விற்ற பணத்திலிருந்து 1,500 டாலர் கைக்கு வருகிறது. சொந்தமாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று ஆசைப்படுகிறார்கள். செய்தி பரவுகிறது. பணம் வந்துவிட்டதாம் என்று நலத்துறை பிள்ளைகளின் உதவித்தொகையை நிறுத்துகிறது. உறவுக்காரப் பெண் ஒருத்தியை வாடகை பாக்கிக்காகத் தெருவில் தள்ளப் போகிறார்கள், அதைக் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சாவுக்குப் போகப் பயணச் செலவு. பிள்ளைகளுக்குக் கோட்டும் செருப்பும். ஒன்றரை மாதத்தில் பணம் கரைந்துவிடுகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்ற கணக்கு அங்கே செல்லாது. இன்று கொடுக்காவிட்டால் நாளை தன் பிள்ளைக்குப் போக்கிடம் இருக்காது. குடும்ப பலத்தைப் பாராட்டுபவர்கள் இந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும். அந்த பலத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் ஏழைகள்.

பணத்தைப் பற்றிய கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இல்லினாய் மாநிலத்தின் ஒரு வழக்கு. நான்கு பிள்ளைகளைத் தாயிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. அவர்களில் இருவரை 1972-ல் மூத்த அக்கா லிண்டா யூவாக்கிமின் வீட்டில் விட்டது. அதே பிள்ளையை முன்பின் தெரியாதவர் வளர்த்தால் மாதம் 105 டாலர். அக்கா வளர்த்தால் சாதாரண உதவித்தொகையான சுமார் 63 டாலர்தான் என்றது மாநிலம். சொந்த அக்காதானே, எப்படியும் பார்த்துக்கொள்வாள் என்ற எண்ணம். 1979-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஒருமனதாக நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் அடிமையாக இருந்தவரின் கொள்ளுப்பேரனான தர்குட் மார்ஷல். உறவினர் பராமரிப்பு அரசு ஏட்டில் ஏறிய நாள் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இந்தத் தீர்ப்பைத்தான் சுட்டுவேன். ஆனால் இது மத்திய அரசின் உதவிக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்தியது. மற்றப் பிள்ளைகளின் உறவினர்களுக்குக் கொடுக்காமல் விடலாம் என்று ஆரிகன் மாநிலம் வாதாடி, 1992-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றது.

அதற்குள் கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் நகரங்களைச் சூறையாடியிருந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மெரடித் மிங்க்லரும் கேத்லீன் ரோவும் பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த 71 கறுப்பினப் பாட்டிகளைச் சந்தித்து 1993-ல் ஒரு நூல் எழுதினார்கள். வேலையை விட்டவர்கள், கையிருப்பைத் தொலைத்தவர்கள் அவர்களில் பலர். தங்கள் உடம்பு நோவைப் பாட்டிகள் பெரிதாகச் சொல்லவில்லை. முடியவில்லை என்று சொன்னால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அதில் இருந்திருக்கிறது. மறுபிறவி எடுத்த தாய்மை என்று இதைப் பாடத் தோன்றலாம். பாடாமல், அந்தப் பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரையும் ஓய்வுக்கு ஒரு பகல்பொழுதும் கிடைக்க வழி செய்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் நன்றாக இருந்தார்களா? உறவினர் வீட்டில் வளர்ந்தவர்களையும் முன்பின் தெரியாத வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து மார்க் வினோக்கரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். உறவினரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நடத்தைச் சிக்கல் குறைவு, மனநலம் மேல், வீடு மாறி வீடு போவதும் குறைவு. மனநலச் சிகிச்சை பெறுவதும் தத்தெடுக்கப்படுவதும் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

தத்தெடுப்பு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதை அதிகாரிகள் புரிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. பேரனைத் தத்தெடுக்க வேண்டுமானால் முதலில் தன் மகளுக்குத் தாய் என்ற உரிமை இல்லை என்று நீதிமன்றத்தில் முடிவாக வேண்டும். போதையில் கிடந்தாலும் சிறையில் இருந்தாலும் அவள் தான் பெற்ற மகள். நாளைக்குத் திருந்தி வந்தால் வீட்டில் அவளுக்கு இடம் வேண்டும். இவன் ஏற்கெனவே என் பேரன்தானே, எதற்குத் தத்து என்று பாட்டிகள் கேட்டார்கள். சட்டம் இறங்கி வந்தது 2008-ல். மகளின் உரிமையை அறுக்காமலே பாட்டி சட்டப்படிக் காப்பாளராகி உதவித்தொகை பெற மத்திய அரசு நிதி கொடுக்கலாம் என்றானது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுத்தால் 30 நாளுக்குள் உறவினர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிட்டது. தத்து எடுத்தவர்களும் உண்டு. ஒலிம்பிக் வீராங்கனை சிமோன் பைல்ஸையும் தங்கையையும் தாத்தா ரான் பைல்ஸும் அவர் மனைவி நெல்லியும் 2003-ல் டெக்சாஸில் தத்தெடுத்தார்கள். மூத்த இரு பிள்ளைகளை ரானின் சகோதரி எடுத்துக்கொண்டார். நால்வரும் சொந்தத்துக்குள்ளேயே இருந்தார்கள்.

2023 செப்டம்பரில் இன்னொரு கதவு திறந்தது. அதுவரை உறவினரும் வெளியாரைப் போலவே உரிமம் வாங்க வேண்டும், படுக்கையறை இத்தனை வேண்டும், இடம் இவ்வளவு வேண்டும் என்ற விதிகள் பல மாநிலங்களில் பாட்டிகளைத் தள்ளிவைத்தன. உறவினருக்குத் தனி அளவுகோல் வைத்துக்கொள்ளலாம், வைத்தால் மற்ற வளர்ப்பு இல்லங்களுக்குத் தரும் அதே தொகையைத் தர வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. கவனியுங்கள், 'வைத்துக்கொள்ளலாம்' என்றுதான் சொன்னது. செய்வதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம்.

இந்த உரிம ஏற்பாட்டுக்குள் வராத உறவினர்களே பெரும்பான்மை. பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து என்று நலத்துறை ஊழியர் வருகிறார். வழக்குப் பதியாமல், பாட்டியிடம் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடுகிறார். நீதிமன்றம் இல்லை, வக்கீல் இல்லை, முழு உதவித்தொகை இல்லை. பள்ளியில் சேர்க்கப் போனால் காப்பாளர் சான்று கேட்கிறார்கள், பாட்டியிடம் அது இல்லை. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் இது அன்றாடம் நடக்கிறது. உங்கள் குடும்ப பலம் அபாரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் அந்தக் கோப்புகளைத் திறந்து, வளர்ப்பு இல்லங்களுக்குக் கொடுக்கும் தொகையை இந்த வீடுகளுக்கும் மாதாமாதம் அனுப்பட்டும்.